நாற்பது விநாடி

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அடுத்த சில வருடங்களில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் தெருவுக்குத் தெரு எடிட்டிங் ஸ்டுடியோ. அப்படி ஒரு மாடியறையில் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். பிறகு தயாரிப்பாளர், இயக்குநர் என்று வருடங்கள் ஓடின. ஆனால் தொழில் பிடிபட்டது அந்த அறையில்தான்.

அப்போதெல்லாம் டேப்பிலிருந்து டேப்புக்குத்தான் எடிட்டிங். எடுத்ததை வி.எச்.எஸ் கேசட்டில் பதிந்து வீட்டில் ஓட்டிப் பார்த்து, எந்த ஷாட் எந்த டைம்கோடில், அதாவது டேப்பின் எந்த நேர எண்ணில், இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். ஷிஃப்ட் கணக்கில் வாடகை என்பதால் அறைக்குள் போய் யோசிக்க முடியாது. முடித்த நிகழ்ச்சியின் நடுவில் 2 விநாடி கூட்ட வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மறுபடி அடுக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு டேப்புக்கு நகல் எடுக்க வேண்டும், படம் மங்கிவிடும். அதனால் சட்டென்று முடிவெடுக்கப் பழகினேன். நொடிக்கு 25 ஃபிரேம், அதில் 3 ஃபிரேம் கூடினாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பழகிவிட்டது.

காசிமேட்டில் ஒரு பெரியவரைப் படம்பிடித்தோம். வலை பின்னிக்கொண்டே பேசினார். கடலுக்குப் போன அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்குக் கட்டுமரம் மட்டும்தான் கரைக்கு வந்துச்சி, தம்பி" என்றார். அப்புறம் பேசவில்லை. கை மட்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி இருக்கும். கேமராமேன் அசையாமல் பிடித்திருந்தார், அவருக்குப் புரிந்திருக்கிறது.

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக எனக்குக் கிடைத்தது 22 நிமிடம். அந்த நாற்பது விநாடியை நான்கு விநாடியாக வெட்டினேன். ஒளிபரப்பானபோது வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது ஒரு தகவலாகக் கடந்து போனது. அவர் அந்த இடத்தில் அழாமல் இருந்ததுதான் நிகழ்ச்சியே, அதைத் தூக்கிப் போட்டது நான்.

சரி, மூல டேப் இருக்கிறதே என்று சில மாதம் கழித்துத் தேடினேன். டேப் விலை அதிகம் என்பதால் மேலேயே வேறு பதிவு செய்வது அந்த நிறுவனத்தில் வழக்கம். அவர் இருந்த கேசட்டில் ஒரு சமையல் நிகழ்ச்சி இருந்தது.

அதன் பிறகு என் யூனிட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். பேசுகிறவர் நிறுத்தினால் யாரும் "கட்" சொல்லக் கூடாது. மனசுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். பேட்டி எடுப்பவரும் அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. கம்ப்யூட்டரில் எடிட்டிங் வந்து, நினைத்த இடத்தில் நினைத்ததைச் செருகலாம் என்று ஆன பிறகும் இதை நான் விடவில்லை.

பல வருடம் கழித்து மீன்பிடித் துறைமுகத்தில் வேறொரு படப்பிடிப்பு. ஒருவர் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். பெரியவரின் மகன்.

"எங்க நைனா பேசுன கேசட் கீதா சார்? பேரப்பசங்க பாத்ததே இல்ல."

இல்லை என்று சொன்னேன். அவர் வலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.