அச்சகத்துக் கணினி மீண்ட கதை

சிவகாசியில் சில சிறிய அச்சகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 'வேலைக் கோப்புகளைப் பென்டிரைவில் காப்பி எடுத்து வைத்திருக்கிறோம், அது போதும்' என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுவேன். போதாது. கல்யாணப் பத்திரிகை வேலை இன்னமும் பேஜ்மேக்கர் 7.0-இல் ஓடும் இடங்கள் இவை. அது 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். எழுத்துருக்களோ, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு முந்தையவை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். இவற்றை நிறுவிய சிடிக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அப்படி ஓர் அச்சகத்தின் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தமிட்டு நின்றுபோனது. "தம்பி, நாளைக் காலையில் பிளேட் போட்டாக வேண்டும்" என்றார் அண்ணாச்சி. நல்லவேளையாக, விண்டோஸ் 7-இலேயே உள்ள வசதியைக் கொண்டு எடுத்த முழு சிஸ்டம் இமேஜ், அதாவது விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு, அமைப்புகள் எல்லாம் சேர்ந்த நகல், வெளி டிஸ்க் ஒன்றில் இருந்தது.

பழைய டிஸ்க் 500 ஜிபி. அவசரத்துக்குக் கடையில் கிடைத்த எஸ்எஸ்டி 480 ஜிபி. உள்ளே இருந்த சரக்கு நூறு ஜிபிகூட இல்லை. ஆனாலும் மீட்பு நிரல் ஏற்கவில்லை. மூல டிஸ்கைவிடச் சிறியதை அது தொடவே தொடாது. ஒரு டிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டினால், இப்போது இமேஜே கண்ணில் படவில்லை. பார்த்தால், யாரோ அந்த ஃபோல்டரின் பெயரோடு தேதியைச் சேர்த்திருக்கிறார்கள். விண்டோஸ் தானாக வைத்த பெயரிலேயே, டிஸ்கின் மேல்மட்டத்திலேயே இருந்தால்தான் மீட்புத் திரை அதைக் கண்டுகொள்ளும். தேதியை அழித்ததும் பட்டியலில் வந்து நின்றது.

மீட்டு முடித்ததும் டிடிபி வேலை பார்க்கும் அக்கா உட்கார்ந்து ஒரு பத்திரிகையைத் திறந்தார். எழுத்துரு, விசைப்பலகை, பிரிண்டர் அமைப்பு எல்லாம் அவர் விட்ட இடத்தில் அப்படியே. இமேஜ் எடுத்த நாளுக்குப் பிந்தைய வேலைகள் மட்டும் பென்டிரைவிலிருந்து வந்தன. அதற்குப் பென்டிரைவ் வேண்டும்தான்.

இப்போதெல்லாம் இமேஜை உதிரி டிஸ்க் ஒன்றில் இறக்கி, ஒரு கோப்பைத் திறந்து, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கிளம்புகிறேன். மூல டிஸ்கின் அளவையும், ஃபோல்டர் பெயரை மாற்றக்கூடாது என்பதையும் எழுதி வெளி டிஸ்கின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டதால், இந்தக் கணினிகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.