பிளாட்டேயா வழியாகக் கிரேக்க வரலாறு படித்த அனுபவம்

முதுகலை வரலாற்றில் பண்டைய கிரேக்கத் தாளுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்று இரண்டு குறிப்பேடு போடுவார்கள். நான் அவற்றோடு பிளாட்டேயா என்ற சின்ன நகரத்துக்கும் தனிக் குறிப்பு எழுதி வைத்தேன். தேர்வில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

முதலில் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். நடுக் கிரீஸில் உள்ள பொயோட்டியா பகுதியின் தெற்கு ஓரத்தில், சித்தேரோன் மலையின் வடக்கு அடிவாரத்தில் பிளாட்டேயா. வடக்கே சுமார் 13 கி.மீ. தூரத்தில் பொயோட்டியாவின் பெரிய நகரமான தீப்ஸ், நடுவில் அசோபஸ் ஆறு. மலையைத் தாண்டித் தெற்கே போனால் ஏதென்ஸின் நிலம். இதை மனதில் பதித்துவிட்டால் பாதி வரலாறு தானாகப் புரியும். தன் தலைமையை ஏற்கச் சொல்லி தீப்ஸ் நெருக்கியது. பிளாட்டேயர்கள் ஸ்பார்ட்டாவின் உதவியைக் கேட்டார்கள். ‘நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், ஏதென்ஸிடம் போங்கள்’ என்று ஸ்பார்ட்டா கைகாட்டியது. ஏதென்ஸுக்கும் பொயோட்டியர்களுக்கும் பகை மூட்டத்தான் அப்படிச் சொன்னார்கள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பிளாட்டேயர்கள் ஏதென்ஸோடு கூட்டுச் சேர்ந்தார்கள். பெலப்பொனேசியப் போரின் வரலாற்றை எழுதிய தூசிடிடிஸ் தரும் கணக்குப்படி இது கி.மு. 519.

அந்த நட்புக்காகத்தான் கி.மு. 490இல் பாரசீகர்களுக்கு எதிரான மாரத்தான் போரில் ஏதென்ஸின் பக்கம் பிளாட்டேயர்கள் நின்றார்கள். கி.மு. 480இல் பாரசீகர்கள் ஊரைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டே அதே மண்ணில் ஸ்பார்ட்டாவின் பௌசானியாஸ் தலைமையில் கிரேக்கர்கள் பாரசீகத் தளபதி மார்டோனியஸின் படையை முறியடித்தார்கள். வெற்றிக்குப் பிறகு, பிளாட்டேயர்கள் தங்கள் நிலத்தில் சுதந்திரமாக வாழலாம், அநியாயமாக அவர்கள்மேல் யாரும் படையெடுக்கக் கூடாது என்று பௌசானியாஸ் உறுதியளித்தார். இந்த வரியை அடிக்கோடிடுங்கள். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தங்கள் கூட்டாளிகளோடு மோதிய ‘பெலப்பொனேசியப் போரின் காரணங்கள்’ என்ற கேள்விக்கு, கோர்சிரா, பொட்டிடேயா நகரங்களை ஒட்டிய தகராறுகள், மெகாரா நகரத்தின் வணிகத்துக்கு ஏதென்ஸ் போட்ட தடையாணை மூன்றையும் எல்லோரும் எழுதுவார்கள். போர் எங்கே வெடித்தது என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். கி.மு. 431இல் ஓர் இரவு, 300க்குச் சற்று அதிகமான தீப்ஸ் வீரர்கள் உள்ளூர்த் துரோகிகள் கதவைத் திறந்துவிட, பிளாட்டேயாவுக்குள் நுழைந்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று தெரிந்ததும் பிளாட்டேயர்கள் வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்து ஒன்றுகூடித் தாக்கினார்கள். பெண்களும் அடிமைகளும் கூரையிலிருந்து கல்லும் ஓடும் எறிந்தார்கள். மழையில் அசோபஸ் பெருகியதால் தீப்ஸின் பெரும்படை நேரத்துக்கு வரவில்லை. பிடிபட்ட 180 பேரைப் பிளாட்டேயர்கள் கொன்றார்கள். இதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவர்களைக் குற்றமற்ற தியாகிகளாக மட்டும் காட்டினால் விடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

தீப்ஸின் கூட்டாளியான ஸ்பார்ட்டா கி.மு. 429இல் தொடங்கிய பிளாட்டேயா முற்றுகையை மட்டும் சுருக்கத்தில் படிக்காதீர்கள். தூசிடிடிஸின் இரண்டாம், மூன்றாம் புத்தகங்களில் நேரடியாகப் படியுங்கள். உள்ளே 400 பிளாட்டேயர்கள், 80 ஏதென்ஸ்காரர்கள், சமைத்துப் போட 110 பெண்கள். வெளியே ஸ்பார்ட்டா மண்மேடு எழுப்ப, உள்ளே இவர்கள் மதிலை உயர்த்திக்கொண்டே, அடியில் சுரங்கம் தோண்டி அந்த மண்ணை உருவினார்கள். கடைசியில் ஸ்பார்ட்டா ஊரைச் சுற்றி இரட்டைச் சுவர் கட்டிப் பட்டினி போட்டது. உள்ளிருந்தவர்கள் எதிரியின் சுவரில் பூசாமல் விட்ட இடத்தில் செங்கல் வரிசைகளைப் பலரும் பலமுறை எண்ணி, அதை வைத்து ஏணியின் நீளத்தைக் கணக்கிட்டார்கள். புயலடித்த குளிர்கால இரவில், சேற்றில் வழுக்காமல் இருக்க இடது காலில் மட்டும் செருப்பணிந்து சுவர் ஏறினார்கள். தப்பியவர்கள், யாரும் எதிர்பாராத தீப்ஸ் சாலையிலேயே கொஞ்ச தூரம் போய், அப்புறம் மலைப்பக்கம் திரும்பினார்கள். 212 பேர் ஏதென்ஸ் சேர்ந்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மூச்சு முட்டும்.

கி.மு. 427இல் மீதிப்பேர் சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த ஐந்து நீதிபதிகள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இந்தப் போரில் எங்களுக்கும் எங்கள் கூட்டாளிகளுக்கும் ஏதாவது நன்மை செய்தாயா? ‘ஆம்’ என்று சொல்ல யாராலும் முடியவில்லை. பிளாட்டேயர்களில் 200க்குக் குறையாதவர்களையும் ஏதென்ஸ்காரர்கள் 25 பேரையும் கொன்றார்கள், பெண்களை அடிமைகளாக்கினார்கள். தீப்ஸ் போருக்குப் பயன்படும் என்பதே ஸ்பார்ட்டாவின் கணக்கு என்று தூசிடிடிஸ் முடிக்கிறார். ‘கிரேக்கர்களின் விடுதலைக்காகவே ஸ்பார்ட்டா போரிட்டதா?’ என்று கேட்டால் பௌசானியாஸின் உறுதிமொழியையும் இந்த விசாரணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உதவுவோம் என்று வாக்களித்த ஏதென்ஸ் முற்றுகையை உடைக்கப் படை அனுப்பவில்லை என்பதையும் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: விசாரணைப் பேச்சுகளை அப்படியே பேசப்பட்டதாக மேற்கோள் காட்டாதீர்கள். சூழலுக்குப் பொருந்தும்படி பேச்சுகளை அமைத்ததாக தூசிடிடிஸே சொல்கிறார்.

பிந்தைய கதைக்கு ஒரு பத்தி போதும். கி.மு. 386 அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் ஊர் மீண்டும் எழுந்தது. ஸ்பார்ட்டாவை தீப்ஸ் தோற்கடித்த லூக்ட்ரா போருக்குச் சில ஆண்டுகள் முன்பு தீப்ஸ் மறுபடி அழித்தது. அந்த ஆண்டு நூலுக்கு நூல் மாறும் என்பதால், கி.மு. 371இல் நடந்த லூக்ட்ராவை வைத்தே சொல்லிவிடுங்கள். கி.மு. 338இல் கெய்ரோனியாவில் தீப்ஸையும் ஏதென்ஸையும் வென்ற மாசிடோனிய மன்னர் பிலிப் பிளாட்டேயர்களைத் திரும்பக் குடியேற்ற வழிசெய்தார். அங்கிருந்து மாசிடோனியப் பாடத்துக்குப் போனால் தொடர்ச்சி விட்டுப்போகாது.