வெப் ப்ராஜெக்ட் வைவாவுக்குப் (வாய்மொழித் தேர்வுக்குப்) போகும் முன்: தலைப்பு ஸ்டைல்களை ஒழுங்குபடுத்தும் முறை

மொரீஷியஸில் வெப் ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு ஒரே பக்கத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல், தமிழ் நான்கும் வந்து நிற்கும். தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரல் பக்கம் ஒன்று போதும், தலைப்பு ஸ்டைல்களின் கோளாறு முழுவதும் வெளியே தெரிய.

முதலில் கோட் ஃபோல்டர் முழுவதிலும் 'ஃபான்ட்-சைஸ்' (font-size, எழுத்தளவு) என்று தேடி, வருகிற அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். 15, 15.5, 16, 17 என்று ஒட்டி ஒட்டி வந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் கண்மதிப்பில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். 16 பிக்சலை 1 ரெம் (rem, பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) ஆக வைத்து 1.25ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 20, 25, 31.25, சுமார் 39 கிடைக்கும். இந்த ஐந்து அளவு போதும். ஒரே ஃபைலில் வேரியபிளாக (பெயரிட்ட மதிப்பாக) வையுங்கள். பெயரில் எண் வேண்டாம். 'பக்கத்தலைப்பு', 'பகுதித்தலைப்பு' என்று அது செய்யும் வேலையைச் சொல்லுங்கள். நாளைக்கு அளவு மாறினாலும் பெயர் பொய்யாகாது.

எழுத்து சிறிதாக வேண்டும் என்பதற்காக எச்1 (h1, முதல்நிலைத் தலைப்புக்கான டேக்) அடுத்து எச்4 (நான்காம் நிலை) போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்கிரீன் ரீடரில் (பக்கத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளில்) தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிப்பவருக்கு நடுவில் இரண்டு படி காணாமல் போகும். எந்த எச் என்பதை உள்ளடக்கத்தின் படிநிலை தீர்மானிக்கட்டும். தோற்றத்தைக் கிளாஸ் (ஸ்டைலைச் சேர்க்க டேகுக்கு இடும் பெயர்) பார்த்துக்கொள்ளும். 'இங்கே ஏன் எச்3?' என்று வைவாவில் கேட்டால், அளவைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

கிளாஸ் போட்டும் தோற்றம் மாறவில்லையா? 'கார்டுக்குள் இருக்கும் எச்2' என்று எழுதிய பழைய விதி எங்காவது இருக்கும். ஒரு கிளாஸும் ஒரு டேகும் சேர்ந்தது தனிக் கிளாஸை வென்றுவிடும். அதற்கு 'இம்பார்டன்ட்' (!important, ஒரு விதியை மற்றவற்றை மீறவைக்கும் சொல்) சேர்த்தால் அடுத்த இடத்தில் இன்னொன்று தேவைப்படும். அந்த விதியை எடுத்துவிட்டு, டேகுகளின் அடிப்படை விதிகளை 'வேர்' (:where) செலக்டருக்குள் வையுங்கள். அதன் எடை (விதிகள் மோதும்போது எது வெல்லும் என்பதைத் தீர்மானிக்கும் மதிப்பு) பூஜ்யம் என்பதால் எந்தக் கிளாஸும் வெல்லும்.

தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரெஞ்சுத் தலைப்புக்கு 1.2 லைன்-ஹைட் (line-height, வரி உயரம்) அழகாகத்தான் இருக்கும். 'தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரல்' மொபைலில் இரண்டு வரியாக மடியும்போது 'பூ'வின் வால் கீழ்வரி 'ழ்'இன் புள்ளியில் இடிக்கும். லாங் குறி (lang, எழுத்தின் மொழியைச் சொல்வது) தமிழாக இருந்தால் 1.45 என்று தனி விதி எழுதுங்கள். லெட்டர்-ஸ்பேசிங் பூஜ்யமாக இருக்கட்டும். இடைவெளியைக் குறைத்தால் 'கொ'வின் கால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சில் கேப்பிட்டல் எழுத்தாக்கி மட்டும் இரண்டு நிலைகளைப் பிரித்திருந்தால், கேப்பிட்டல் இல்லாத தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும். 700 எடைக்கான (தடித்த எழுத்துக்கான) ஃபான்ட் ஃபைலையும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பிரவுசரே எழுத்தைத் தடிக்கவைத்து, சுழிகளை அடைத்துவிடும்.

இடம் போதவில்லை என்று தமிழை மட்டும் 80 சதவீதமாகச் சுருக்காதீர்கள், வரி மடியட்டும். 1998இல் வந்த ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரியின் இடம் மாறியதற்கு எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது.

ஒப்படைக்கும் முன் 320 பிக்சல் அகலத்திலும், 200 சதவீதப் பெரிதாக்கலிலும் பாருங்கள். சாம்பல் நிறத் தலைப்புகளையும் சோதியுங்கள்: 24 பிக்சலுக்கு 3:1 கான்ட்ராஸ்ட் (பின்னணியோடு உள்ள ஒளி வேறுபாடு) போதும், தடிக்காத 20 பிக்சல் தலைப்புக்கு 4.5:1 வேண்டும். கடைசியாகப் 'பகுதித்தலைப்பு' வேரியபிளை 25இலிருந்து 60 ஆக்குங்கள். மாறாமல் நிற்கும் பகுதித்தலைப்பு எதுவோ, அங்கே பழைய விதி இன்னும் இருக்கிறது.