பழைய கணினியில் விண்டோஸும் லினக்ஸும்

பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் பழைய நிரல்) மட்டுமே உள்ள கணினியில் வட்டு பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில்தான் இருக்கும். அதில் பிரைமரி பார்ட்டிஷன் (வட்டின் முதன்மைப் பிரிவு) அதிகபட்சம் 4 தான். விண்டோஸே 2, 3 எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் எக்ஸ்டெண்டட் (உள்ளே பல பிரிவுகள் கொள்ளும் பிரிவு) ஒன்று போட்டு, அதற்குள் லாஜிக்கலாக, அதாவது உட்பிரிவுகளாக, ரூட்டுக்கு (லினக்ஸ் அமரும் இடம்) 25 ஜிபி, ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது உதவும் இடம்) 4 ஜிபி ஒதுக்குங்கள். லாஜிக்கலிலிருந்தே லினக்ஸ் தாராளமாக பூட் ஆகும்.

முதலில் விண்டோஸ், பிறகுதான் லினக்ஸ். மாற்றிப் போட்டால் விண்டோஸ் வட்டின் முதல் செக்டாரில் தன் பூட் கோடை எழுதி கிரப்பை (எந்த ஓஎஸ் என்று மெனு காட்டும் லினக்ஸ் பூட்லோடரை) அழித்துவிடும். (லைவ் யுஎஸ்பி கொண்டு மீட்கலாம், வீண் வேலை.) லினக்ஸ் நிறுவும்போது கிரப் எங்கே என்று கேட்டால் எஸ்டிஏ1 (வட்டின் முதல் பிரிவு) அல்ல, எஸ்டிஏ (முழு வட்டு).

மெனுவில் விண்டோஸ் காணோமா? கிரப் 2.06 முதல் ஓஎஸ்-புரோபர் (வட்டில் உள்ள மற்ற ஓஎஸ்களைத் தேடும் நிரல்) இயல்பாக அணைந்தே இருக்கும். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-கிரப் கட்டளை கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் (முழுதாக நிறுத்தாமல் வைத்து வேகமாகத் தொடங்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சி டிரைவை லினக்ஸில் படிக்கத்தான் முடியும், எழுத விடாது.