திரும்பிப் போன மன்னர்

வரலாற்றுச் சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி மாசி மாதம் வந்தது. மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, சேரைப் பற்றி எழுதுவதென்றால் கொன்ஸ்தாந்திநோப்பிளை ஆண்ட பைசாந்திய மன்னர் இரண்டாம் மனுவேலைப் பற்றியும் எழுதவேண்டி வரும் என்றேன். எண்பதுகளில் ஏ.எல். கலைப்பிரிவில் இருந்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

நமது ஐரோப்பிய வரலாறு 1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் வீழ்ச்சியோடு தொடங்கும். "விழுந்தது எது எண்டு தெரியாமல் விழுந்த கதையை எப்படியடா படிக்கிறது?" என்று சேர் முதல் தவணையிலேயே பாடத்திட்டத்தை மூடி வைத்துவிடுவார். பிறகு மேல்மாடி மூலை வகுப்பில் பைசாந்தியம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசுதான். யுஸ்தினியனும் இரண்டாம் பசிலும் ஒரு பாடவேளைக்குள் முடிந்துபோவார்கள். மனுவேலுக்கு வந்தால் மணி அடித்தாலும் விடமாட்டார்.

1350இல் பிறந்த மனுவேல் முடியேற்கும்போது பேரரசு என்று மிஞ்சியிருந்தது தலைநகரும், தெற்குக் கிரேக்கத்தில் மொறேயாவும், சில தீவுகளும்தான். ஒட்டோமன் சுல்தானுக்குத் திறை கட்டிய காலம். முடியேற்பதற்கு முந்திய ஆண்டு, 1390இல், சுல்தான் பயாசித்தின் படையோடு மனுவேலும் போகவேண்டியிருந்தது. மேற்குச் சின்னாசியாவில் கிரேக்கர் கையில் எஞ்சியிருந்த கடைசி நகரான பிலதெல்பியாவை முற்றுகையிடத்தான் அந்தப் படை போனது. சொந்தச் சனத்தின் நகரத்தை எதிரியின் அணியில் நின்று பிடித்துக் கொடுக்கவேண்டிய நிலை! இந்த இடத்தில் சேர் சோக்கை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலடியில் போய் நிற்பார்.

ஒருநாள் முன்வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: "தப்பி ஓடியிருக்கலாமே சேர்?"

"தகப்பன் நகரத்துக்குள்ள. மகன் சுல்தானிட்ட. ஆர் அசைஞ்சாலும் மற்றவருக்கு ஆபத்து."

அப்படியேதான் நடந்தது. பொற்கதவருகே தகப்பன் ஐந்தாம் யோவான் கட்டிய அரணை இடிக்காவிட்டால் மகனின் கண்களைக் குருடாக்குவேன் என்று பயாசித் சொல்லியனுப்பினான். கிழவர் இடித்தார். 1391 தொடக்கத்தில் இறந்தும் போனார். செய்தி கேட்ட மனுவேல் சுல்தானின் புர்சா நகரிலிருந்து நழுவி வந்து ஆட்சியை ஏற்றார். அந்த ஆண்டே மறுபடி சுல்தானின் படையெடுப்புக்குப் போகவேண்டி வந்தது.

அந்தப் பாசறையிலிருந்து மனுவேல் தன் நண்பர் கிதோனேசுக்கு எழுதிய கடிதத்தைச் சேர் ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். வழியெல்லாம் ஆளில்லாத நகரங்கள். இதன் பெயரென்ன, அதன் பெயரென்ன என்று மன்னர் விசாரிக்கிறார். அவற்றை நாங்கள் அழித்தோம், பெயர்களைக் காலம் அழித்துவிட்டது என்று பதில் வருகிறது. வாசித்து முடித்துவிட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவரவர் ஊரின் குளம், ஒழுங்கை, வயல், கோயில் பெயர்களை எழுதச் சொன்னார். வலிகாமம் வடக்கிலிருந்து வந்த பெடியளும் எழுதினார்கள். 1990க்குப் பிறகு அந்த ஒழுங்கைகள் பலவற்றில் சனம் நடக்க எத்தனை ஆண்டுகள் ஆகின என்பது நமக்குத் தெரியும்.

1399இன் இறுதியில் மனுவேல் மேற்கே உதவி கேட்டுப் புறப்பட்டார். 1400 டிசம்பர் 21ஆம் திகதி பிளாக்ஹீத் வெளியில் நான்காம் ஹென்றி அவரை எதிர்கொண்டு, நத்தாருக்கு எல்தம் அரண்மனைக்கு அழைத்துப்போனார். மன்னரும் அவருடைய ஆட்களும் ஒரே மாதிரியான நீண்ட வெள்ளை அங்கியில் திரிந்தார்கள் என்று அக்காலத்து வேல்ஸ் நாட்டுக் குரு ஒருவர், உஸ்க் ஊர் ஆடம், எழுதிவைத்திருக்கிறார். இத்தனை பெரிய மன்னர் இவ்வளவு தூரம் உதவி கேட்டு வரவேண்டியிருக்கிறதே என்று மனம் நொந்தும் எழுதியிருக்கிறார். பணம் கிடைத்தது. படை கிடைக்கவில்லை.

நான் லண்டனுக்கு வந்து இருந்த அறை எல்தத்துக்குப் பக்கத்தில். நானும் உதவி கேட்டு வந்தவன்தான். இன்று அங்கே நிற்கும் பெரிய மண்டபம் 1470களில் நான்காம் எட்வர்ட் கட்டியது, மனுவேல் கண்டதல்ல. அதையும் விவரித்துச் சேருக்கு எழுதினேன். "வகுப்புக்குக் காட்ட ஒரு படம் அனுப்பு" என்று பதில் வந்தது. அனுப்பினேன்.

பாரிசில் பிரெஞ்சு அரசன் மனுவேலுக்கு லூவர் அரண்மனையில் இடமும் உதவித்தொகையும் கொடுத்திருந்தான். அங்கேயே இருந்திருக்கலாம். 1402இல் அங்காராவில் தைமூர் பயாசித்தை முறியடித்த செய்தி வந்ததும் ஊருக்கு வெளிக்கிட்டு, 1403இல் போய்ச் சேர்ந்தார். பேச்சுவார்த்தையால் தெசலோனிக்காவை மீட்டார். 1415இல் கொரிந்துப் பூசந்திக்குக் குறுக்கே மதில் எழுப்பினார். 1422இன் ஒட்டோமன் முற்றுகையிலும் நகரம் விழவில்லை. பாரிசவாதத்தில் விழுந்து, துறவியாகி, 1425 ஜூலை 21இல் கண்மூடினார். சேர் அதிக நேரம் படிப்பித்தது இந்த 22 ஆண்டுகளைத்தான்.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் சேரும் தென்மராட்சிக்குப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தார். கூரையில்லாத வீட்டைத் திருத்தமுதலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாராம். நான் அப்போது இங்கே. நிலைமை சரிவரட்டும் என்றேன். பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்றேன். போக முடியாத காலம் போய், போகலாம் என்ற காலம் வந்தபோதும் விடுமுறைக்குத்தான் போனேன். கடைசியாகப் போனபோது, "எத்தனை நாள் நிக்கிறாய்?" என்றுதான் சேர் முதலில் கேட்டார்.

என்னுடைய வரலாற்றுக் கொப்பி வீட்டோடு போய்விட்டது. உங்களில் எவரிடமாவது அந்தக் கடைசிப் பக்கம் இருந்தால் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மலரில் ஊர் ஊராக அச்சிடலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார்.