குற்ற விகிதத்தை மட்டும் பார்த்து வீடு முடிவு செய்யாதீர்கள்

"1 லட்சம் பேருக்கு இத்தனை குற்றம்" என்ற எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். கடைத்தெரு உள்ள பகுதியில் பகலில் வந்துபோகும் கூட்டம் மக்கள்தொகையில் சேராது, அங்கே நடக்கும் திருட்டு மட்டும் கணக்கில் ஏறும். 2,000 பேர் குடியிருக்கும் இடத்தில் 10 பைக் திருடுபோனாலே விகிதம் 500! வழிப்பறி வேறு, வீடு புகுந்த திருட்டு வேறு. தனித்தனியாக 3 வருடக் கணக்காவது பாருங்கள். புகார் கொடுக்காதது எதிலும் வராது.

இரவு 10 மணிக்கு பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் தெருவிளக்கை மரக்கிளை மறைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கதவில் பூட்டைவிட முக்கியம், பூட்டின் நாக்கு நுழையும் தகடு. அந்தத் தகட்டை நிலையில் பிடித்திருக்கும் முக்கால் அங்குலத் திருகு ஓர் உதைக்கே பிய்த்துக்கொண்டு வரும். 3 அங்குலத் திருகாக மாற்றுங்கள், நிலைக்குள் ஆழமாகப் பிடிக்கும்.