அந்த ஒரு ஹாஃப் டைம் ஸ்கோர்

ஃபுட்பால்ல 4-3-3 (பின்னாடி நாலு, நடுவுல மூணு, முன்னாடி மூணு பேரு) பெருசா 3-4-3 (பின்னாடி மூணு, நடுவுல நாலு, முன்னாடி மூணு பேரு) பெருசான்னு கேட்டா எனக்கு 2016 செப்டம்பர்ல இங்கிலீஷ் லீக்ல ஆர்சனல்கிட்ட செல்சி 3-0ன்னு அடி வாங்குன மேட்ச்தான் ஞாபகம் வரும். பாதியிலேயே மூணு கோல் போயாச்சு, அப்புறம்தான் செல்சி கோச் கான்டே மிட்ஃபீல்டர் ஃபேப்ரெகாஸ தூக்கிட்டு டிஃபென்டர் அலோன்சோவ இறக்கி பின்னாடி மூணு பேர்னு மாத்துனாரு, அடுத்த லீக் மேட்ச்லேர்ந்து வரிசையா 13 ஜெயிப்பு!

கணக்கு சிம்பிள்தாங்க. அட்டாக்ல மோசஸும் அலோன்சோவும் ரெண்டு ஓரத்துலயும் ஏறிடுவாங்க, நடுவுல ஹசார்ட், பெட்ரோ, கோஸ்டா, ஆக அஞ்சு பேரு, எதிர்ல நாலு டிஃபென்டர்தான், யாராவது ஒருத்தன் ஃப்ரீயா நிப்பான். பந்து போச்சுன்னா அதே ரெண்டு பேரும் இறங்கி அஞ்சு பேர் சுவரு. ஆனா நடுவுல ரெண்டே பேரு, அங்க மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே இல்லாம (கோச் இல்ல, ஓடிக்கிட்டே இருப்பாரே அவரு) இது ஓடியிருக்காது. செம காமெடி என்னன்னா சீசன் கடைசி எஃப்ஏ கப் (இங்கிலாந்து நாக்-அவுட் கோப்பை) ஃபைனல்ல ஆர்சனல் கோச் வெங்கரும் பின்னாடி மூணு பேர வெச்சே செல்சிய 2-1ன்னு கவுத்துட்டாரு.